ஏரிக்கரை நடையில் இயல்தாவரத்தையும் அயல்தாவரத்தையும் பிரித்தறிதல்

ஏரிக்கரையில் நடக்கும்போது கண்ணில் படும் மரஞ்செடிகொடிகளுள் எவை இம்மண்ணுக்கு உரியவை, எவை வெளியிலிருந்து வந்தவை என்பதை, தாவரவியல் முறையாகப் படிக்காத ஒருவர் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிகளை மனத்தில் வைத்து இதற்கு விடை எழுதுகிறேன். அங்குள்ள ஏரிகளில் கரை, மதகு, மிகைநீர் வழிந்தோடும் கலிங்கு, நீர் தேங்கும் உட்பகுதியான உள்வாய் என்று ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு தாவரக் கூட்டம் இருப்பதால், ஒரே காலைநடையில் பலவற்றைப் பார்த்துவிடலாம். தெற்கே கண்மாய்களுக்கும் மேற்கே கோவைக் குளங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அயல்தாவரம் என்பதற்குத் தாவரத்தின் உடலில் எந்தப் பொது அடையாளமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முள் இருப்பதால் அது அயலானதாகிவிடாது. மருந்துக்குப் பயன்படுவதால் நம்முடையதாகிவிடாது. தூய தமிழ்ப் பெயர் இருப்பதும் சான்றாகாது. தொட்டாற்சிணுங்கியைப் போல் நாவில் பழகிய பெயர் வேறெதற்கும் இல்லை. நாட்டு வைத்தியத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனாலும் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஒரு தாவரம் எங்கிருந்து வந்தது என்பது அதன் வரலாறு. தோற்றத்தை மட்டும் பார்த்து அதை ஊகிக்க முடியாது. ஆகவே எந்த இனம் என்று முதலில் அறிய வேண்டும், அதன் பிறகே தாயகத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மாற்றிக்கொள்பவர்கள்தாம் முள்ளைக் கண்டதும் வெட்டச் சொல்லிவிடுகிறார்கள்.

நூற்றுக்கணக்கான இனங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒன்றையொன்று ஒத்திருக்கும் ஓர் இயல்தாவரத்தையும் ஓர் அயல்தாவரத்தையும் இணையாக வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை. ஏரிக்கரையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இத்தகைய ஏழெட்டு இணைகளில்தான் நேருகின்றன. அவற்றைச் சரியாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

வரலாற்றைப் பொறுத்தவரை ஓர் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின்னரே அமெரிக்கக் கண்டங்களின் தாவரங்கள் நம் கரைக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தன. எனவே ஓர் இனத்தின் தாயகம் மெக்சிகோ என்றோ அமேசான் என்றோ தெரிந்துவிட்டால், அது இங்கே ஐந்து நூற்றாண்டுகளுக்கு உட்பட்ட வரவு என்று கொள்ளலாம். இதற்கு மறுபக்கத்தில், சங்கப் பாடல்களில் இடம்பெறும் ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல், வள்ளை, வஞ்சி போன்ற நீர்த்தாவரங்களும் நீரோரத் தாவரங்களும் ஈராயிரம் ஆண்டுகளாக இங்கே இருப்பதற்கு இலக்கியமே சான்று. இரண்டுக்கும் நடுவே புளியமரம் போன்றவை நிற்கின்றன. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்றாலும், மிகத் தொன்மையான காலத்திலேயே வந்து ஊரோடு ஒன்றிவிட்டதால் அதை இன்று யாரும் அயலான் என்று எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை என்பதே என் கருத்து. அயல்தாவரம் என்பது ஒரு சொல். ஆக்கிரமிப்புத் தாவரம் என்பது வேறொரு சொல். வெளியிலிருந்து வந்தவற்றுள் ஒரு சிறு பகுதி மட்டுமே தானாகப் பரவி, மற்றவற்றை நெருக்கி அழித்து, நீரையும் நிலத்தையும் மாற்றிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது அந்தச் சிறு பகுதியைப் பற்றித்தான்.

இனி இணைகளுக்கு வருகிறேன். முதலாவதும் மிக முக்கியமானதும் கருவேலமும் சீமைக்கருவேலமும் ஆகும். ஏரியின் உள்வாயில் கருவேல மரங்கள் நிற்பதைக் காண்பீர்கள். அவற்றுள் பல, 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்போது வரிசையாக நடப்பட்டவை. ஆயினும் இந்த இனம் இந்தியாவுக்கு உரியது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியில் வரும் வேல் இதுதான். சீமைக்கருவேலமோ அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. 1870-களில் ஆங்கிலேய ஆட்சியின் வனத்துறையினர் விதைகளைத் தருவித்து, இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். பிற்காலத்தில் விறகுத் தேவைக்காக வறண்ட மாவட்டங்களில் அதன் விதைகள் தூவப்பட்டன. வேலிக்கு ஏற்றது என்பதால் வேலிகாத்தான் என்ற பெயரும் அதற்கு வந்தது.

இரண்டிலும் முள் உண்டு, இரண்டிலும் இறகு போன்ற கூட்டிலைகள் உண்டு, இரண்டின் பூவும் மஞ்சள் சாயல் கொண்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர் ஏமாறுவதற்கு இவையே காரணம். அருகில் சென்று பூவைப் பாருங்கள். கருவேலத்தின் பூங்கொத்து பொன்மஞ்சள் நிறத்தில் சிறு பந்தாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூங்கொத்து வெளிர்மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், விரல் நீளத்துக்கு உருண்டு நீண்டு தொங்கும். பூ இல்லாத காலத்தில் காயைப் பாருங்கள். கருவேலங்காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகிச் சுருங்கி, மணிகளைக் கோத்ததுபோல் இருக்கும். மேல்தோல் சாம்பல் வண்ணத்தில் மென்மயிர் படர்ந்திருக்கும். சீமைக்கருவேலங்காயில் அத்தகைய ஆழ்ந்த இடுக்குகள் இல்லை. அது தட்டையாக, சற்றே வளைந்து, முற்றும்போது வைக்கோல் மஞ்சளாக மாறும். உள்ளே இனிப்பான சதை இருக்கும். அந்த இனிப்புக்காகவே ஆடுமாடுகள் அதை உண்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெங்கும் போய்ச் சேருகின்றன.

பூவும் காயும் இல்லையென்றால் இலையை விரித்துப் பாருங்கள். கருவேலத்தின் கூட்டிலையில் பல இணைச் சிற்றிறகுகள் இருக்கும். அவற்றில் மிகச் சிறிய இலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சீமைக்கருவேலத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று இணைச் சிற்றிறகுகளே இருக்கும்; சிற்றிலைகள் சற்று நீண்டு, இடைவெளி விட்டு அமைந்திருக்கும். மரத்தின் நிற்பும் வேறு. கருவேலம் பெரும்பாலும் ஒற்றை அடிமரத்தோடு எழும். பட்டை கருத்து ஆழமாக வெடித்திருக்கும். இளங்கிளைகளில் வெண்ணிறமான நேர்முட்கள் இணையிணையாக நீண்டிருக்கும். சீமைக்கருவேலம் அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்து, கிளைகள் கணுவுக்குக் கணு வளைந்து சென்று தரையை நோக்கித் தாழும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இன்னும் பல தண்டுகள் கிளம்பும். வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டுப் போவது அதை அடர்த்தியாக்குவதிலேயே முடியும்.

இந்த இணையைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது; 2022-இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஊர்தோறும் இளைஞர்கள் தன்னார்வத்தோடு ஏரிகளைச் சுத்தம் செய்கிறார்கள். அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் பிரித்தறியும் பயிற்சி இல்லாமல் பொக்லைன் இயந்திரம் உள்வாயில் இறங்கினால், கருவேலமும் வெள்வேலும் சேர்ந்தே சாயும். வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்குள்ள பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்மக்களுக்கு 1798-இலேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்தில் தந்தார் என்பது நம் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. பறவையைக் காப்பதென்றால் அது அமரும் மரத்தையும் அடையாளம் தெரிந்து காப்பதே ஆகும். சில ஏரிகளில் வேறு மரமே இல்லாத நிலையில் பறவைகள் சீமைக்கருவேலத்திலேயே கூடு வைத்திருக்கும். அங்கே மாற்று மரங்கள் வளர்ந்து நிற்கும்வரை, அகற்றுவதைக்கூடப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

வேல மரங்களில் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும். அதன் பூப்பந்துகள் வெண்மஞ்சள் நிறத்தில் கிளைநுனியில் பெருங்கொத்தாக நிற்கும். குடைவேல் பெயருக்கு ஏற்பக் குடையாக விரிந்து நிற்கும். தென்மாவட்டக் கண்மாய்ப் பகுதிகளில் அதிகம் தென்படும். இரண்டும் நம் நாட்டு மரங்கள். மூன்றாவதான வன்னி, சீமைக்கருவேலத்துக்கு மிக நெருங்கிய உறவு. நீண்டகாலம் இரண்டும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. விருத்தாசலம், திருவான்மியூர் போன்ற தலங்களில் தலமரமாக வணங்கப்படும் வன்னியைச் சீமைக்கருவேலம் என்று எண்ணி வெட்டிவிடக் கூடாது. சீமைக்கருவேலத்தின் முட்கள் கணுக்களில் இணையாக இருக்கும். வன்னியின் முட்கள் குறுகிய கூம்புகளாக, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியிலும் சிதறி இருக்கும். இந்த ஒரு வேறுபாடே போதும்.

அடுத்து நீர்ப்பரப்பு. நகரை ஒட்டிய ஏரிகளில் நீரே தெரியாதபடி பச்சைப் போர்வையாக விரிந்திருப்பது பெரும்பாலும் வெங்காயத்தாமரை. பலர் அதை ஆகாயத்தாமரை என்கிறார்கள். வேறு சிலர் அந்தப் பெயரால் வேறொரு செடியைக் குறிக்கிறார்கள். ஆகவே பெயரை நம்பாமல் உருவத்தைப் பார்க்க வேண்டும். வெங்காயத்தாமரையின் தாயகம் அமேசான் ஆற்றுப்படுகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச்செடியாக வங்காளத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, உள்ளே பஞ்சுபோல் காற்றறைகளால் நிறைந்திருக்கும். பூ வெளிர் ஊதா நிறம். ஆறு இதழ்களில் மேலே நிற்கும் இதழில் மட்டும் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு இருக்கும். வேர்கள் இறகுபோல் அடர்ந்து கருஞ்சாயலோடு நீரில் தொங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: செடிகள் மிக நெருக்கமாக வளரும் இடத்தில் இலைக்காம்புகள் உப்பாமல் முழங்கால் உயரத்துக்கு நீண்டுவிடும். உப்பிய காம்பை மட்டுமே அடையாளமாகக் கொண்டவர் அதை வேறு செடி என்று நினைத்துவிடுவார்.

இதற்கு இணையாக நம் நீர்நிலைகளிலும் நெல்வயல்களிலும் இருப்பது, கருங்குவளை என்று தாவர நூல்கள் குறிக்கும் மோனோகோரியா. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் கருங்குவளை மிதக்காது. சேற்றில் வேரூன்றி நிற்கும். இலை இதய வடிவில் பளபளக்கும். நீலப் பூக்கள் இலைக்காம்பின் பக்கத்திலிருந்து சிறு கொத்தாக வெளிப்படும். எந்த இதழிலும் மஞ்சள் பொட்டு இல்லை. ஏரியின் ஆழம் குறைந்த ஓரங்களில் இதைக் கண்டால் மகிழ்ச்சியடையுங்கள். அந்த ஓரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மிதப்பவற்றில் இன்னும் சில உண்டு. மென்மயிர் படர்ந்த வெளிர்பச்சை இலைகள் ரோஜா அடுக்காக விரிந்து, கோசு முளையைப்போல் மிதப்பது பிஸ்டியா. பழைய மருத்துவ நூல்களின் ஆகாயத்தாமரை இதுவே. இது வெப்பமண்டலம் எங்கும் பரவியிருப்பதால், தொன்மைத் தாயகம் எது என்பதில் தாவரவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனவே இதை எந்தப் பட்டியலிலும் அவசரமாகச் சேர்க்க வேண்டாம். சால்வீனியாவில் அந்தத் தயக்கம் தேவையில்லை. கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில். 1972-இல்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. அது பெரணி வகையைச் சேர்ந்தது, பூக்காது. இலையின் மேற்பரப்பில் நிற்கும் மயிர்களைக் கைவில்லையால், அதாவது சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்; ஒவ்வொரு மயிரும் நுனியில் நான்காகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடி, முட்டை அடிக்கும் கம்பிக்கரண்டியின் தலைபோல் இருக்கும். நம் நாட்டுப் பெரணியான அசோலா இதைவிட மிகச் சிறியது. நகக்கண் அளவே இருக்கும். வெயிலில் செந்நிறம் ஏறும். அத்தகைய மயிர்கள் அதில் இல்லை. நெல்வயலுக்குத் தழைச்சத்து தரும் உயிராக உழவர்கள் அதை அறிவார்கள்.

தாமரையையும் அல்லி வகைகளையும் பிரிப்பது எளிது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாமரை இலையில் பிளவு இருக்காது. காம்பு இலையின் நடுவில் சேரும். முதிர்ந்த இலைகள் நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அல்லி, ஆம்பல், நெய்தல் வகைகளின் இலை ஓரிடத்தில் காம்புவரை பிளந்து, நீர்மீது படிந்து மிதக்கும். இவை நம் நீர்நிலைகளுக்கு உரியவை. என்றாலும் பூங்காக்களாக மாற்றப்பட்ட ஏரிகளில் நாற்றங்கால்களில் வாங்கிய கலப்பின அல்லிகள் விடப்படுகின்றன என்பதால், வழக்கத்துக்கு மாறான நிறத்தில் பெரும்பூ கண்டால் அது நடப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது.

நீர் தரையைத் தொடும் ஓரத்தில்தான் பிரித்தறிவது உண்மையிலேயே கடினமாகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று அழைக்கப்படும் புதரை எல்லா ஏரிகளிலும் காணலாம். பெயரில் நெய்வேலியும் ஆமணக்கும் இருந்தாலும், அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. வள்ளைக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த தென்னமெரிக்கச் செடி. ஆளுயரத்துக்கு வளரும், தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும், ஒடித்தால் பால் வரும், பெரிய இளஞ்சிவப்புப் பூ புனல் வடிவில் ஆண்டு முழுதும் பூக்கும். உடைந்த தண்டுத்துண்டு ஈர மண்ணில் விழுந்தாலே வேர்பிடித்துவிடும் என்பதால், வெட்டிக் கரையிலேயே போட்டுவிட்டுச் செல்வது அதைப் பரப்புவதற்குச் சமம். ஆடுகள் இதைத் தொடர்ந்து மேய்ந்தால் நரம்புக்கோளாறு வந்து இறக்கவும் நேரிடும். இதன் இணையான வள்ளைக்கீரை நம்முடையது, புதராக எழாது, பொள்ளலான தண்டுகள் நீரின்மேல் படர்ந்து மிதக்கும், இலை அம்புத்தலை வடிவில் இருக்கும், பூ சிறியது, வெண்மையாகவோ மெல்லிய ஊதாவாகவோ, தொண்டைப் பகுதியில் நிறம் ஆழ்ந்து இருக்கும். உண்ணத்தக்க கீரைதான் என்றாலும், சாக்கடை கலக்கும் ஏரியிலிருந்து பறிக்கப்படும் வள்ளையையோ வேறெந்த நீர்க்கீரையையோ உண்ண வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அவை நீரிலுள்ள கன உலோகங்களைத் தம்முள் ஏற்றுக்கொள்ளக்கூடியவை.

பொன்னாங்கண்ணியை எல்லோரும் அறிவார்கள். அதன் வெண்ணிறப் பூமுடிச்சு இலைக்கணுவிலேயே காம்பின்றி ஒட்டியிருக்கும். அதே தோற்றத்தில், ஆனால் இன்னும் பருத்த, பொள்ளலான தண்டோடு, நீரின்மேல் மெத்தைபோல் பரவும் செடியைக் கண்டால், பூமுடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது சில சென்டிமீட்டர் நீளமுள்ள காம்பின் நுனியில் தனித்து நின்றால், தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் களை அது. காம்பு உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியிலேயே இந்த இணை தீர்ந்துவிடும்.

இதேபோன்று கீரையாகக் கருதப்பட்டுத் தவறாகப் பறிக்கப்படுவது இன்னொன்று. மஞ்சள் கரிசலாங்கண்ணி நம் ஈரநிலங்களுக்கு உரிய மூலிகை; அதன் இலை நீண்டு ஒடுங்கி, பக்கமடல்கள் இல்லாமல் இருக்கும். சாலைநடுத் திட்டுகளிலும் பூங்காக்களிலும் தரைமூடியாக நடப்பட்டு, அங்கிருந்து ஏரிக்கரைக்கு நழுவும் வெடேலியா வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் இலை தடித்துப் பளபளத்து, நுனியருகே இருபுறமும் மடல் வைத்து மும்முனையாகத் தெரியும். பூ இரண்டிலும் மஞ்சள்தான் என்பதால், பூவை மட்டும் படமெடுத்து அனுப்பி இனம் கேட்பதில் பயனில்லை.

சம்பு என்னும் உயர்ந்த நீர்ப்புல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழுப்பு நிறத்தில் தடித்த உருளையாகக் கதிர் நிற்கும் சம்பு நம் இயல்தாவரம். தூய நீருள்ள ஏரியில் அது ஓரத்தில் அளவோடு நின்று, தாழைக்கோழிக்கும் நாணல் கதிர்க்குருவிகளுக்கும் மறைவிடம் தருகிறது. கழிவுநீரின் சத்து ஏறிய ஏரியிலோ அதே சம்பு அயலானைவிட வேகமாக நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. அதற்குக் காரணம் செடியின் பிறப்பு அன்று, நீரின் கேடுதான். இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. நம் குளங்களின் அடியில் இயல்பாக வளரும் ஹைட்ரில்லா, 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக ஃபுளோரிடாவுக்குச் சென்று, அங்கே பெரும் ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது. நம்மிடம் அடக்கமாக இருக்கும் ஒன்று வேறு மண்ணில் அடங்காததாக மாறும் என்பதை அறிந்தால், வெங்காயத்தாமரை அமேசானில் ஏன் இங்கே இருக்கும் அளவுக்குத் தொல்லையாக இல்லை என்பதும் விளங்கும். அங்கே அதைத் தின்று கட்டுக்குள் வைக்கும் பூச்சிகள் உள்ளன. அவற்றுள் நியோசெட்டினா என்னும் கூன்வண்டுகளை 1980-களில் பெங்களூருக்குத் தருவித்து ஆய்வு செய்து, பின் ஏரிகளில் விட்டதும் இதனால்தான்.

கரைமேல் நிற்கும் பெருமரங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். ஆல், அரசு, அத்தி, புங்கம், நாவல், நீர்மருது, நொச்சி, வேம்பு ஆகியவற்றை ஊர்ப்பெரியவர்களே காட்டித் தருவார்கள். நீர்மருதின் வழவழப்பான வெளிர்பட்டையும், ஐந்து சிறகுகள் கொண்ட காயும் தவறவே முடியாத அடையாளங்கள். தவறு நேர்வது வாகையிலும் தூங்குமூஞ்சியிலும்தான். வாகை நம்முடையது, பூ வெளிர்பச்சை கலந்த வெண்மை, மணம் உடையது, காய் தட்டையாக, தாள்போல் மெலிந்து, காய்ந்து வைக்கோல் நிறமாகிக் காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. பூ இளஞ்சிவப்புத் தூரிகைபோல் இருக்கும். காய் தடித்து, கருத்து, பிசுபிசுப்பான இனிப்புச் சதையோடு தரையில் விழுந்து கிடக்கும். கொடுக்காப்புளியும் மெக்சிகோப் பகுதியிலிருந்து வந்ததே. கிளிகளும் பிள்ளைகளும் விரும்பும் அந்த மரத்தை, அயலானது என்ற ஒரே காரணத்துக்காக வெட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். புதிதாக நடுவதற்கு மட்டும் நாட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். தைலமரத்தின் நிலை வேறு; ஏரியின் நீர்வரத்துப் பகுதியில் அதைத் தோப்பாக நடுவதை நான் எதிர்க்கிறேன்.

கரையின் வெயில்பட்ட சரிவுகளில் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இருக்கும். பார்த்தீனியத்தின் பிளவுபட்ட இலைகள் கேரட் இலையை ஒத்திருக்கும். வெண்ணிறப் பூத்தலைகள் மிகச் சிறியவை. 1950-களின் நடுப்பகுதியில் புனேயில் அது பரவுவது கவனிக்கப்பட்டது. தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் வெறுங்கையால் தொட வேண்டாம். உண்ணிச்செடியின் தண்டு நாற்பட்டையாக, கொக்கிமுட்களோடு இருக்கும். ஒரே கொத்தில் பல நிறப் பூக்கள் இருக்கும். பிள்ளைகள் தலையைக் கிள்ளி விளையாடும் தாத்தாச்செடியும், அதாவது வெட்டுக்காயப்பூண்டும், நடு அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் அது பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் தருகிறது, பெரிய கேடு எதுவும் செய்வதில்லை. இவற்றிடையே துத்தி, எருக்கு, நாயுருவி, ஆவாரை, ஈரமான இடங்களில் கணுவுக்குக் கணு முள்ளும் நீல ஊதாப் பூவும் கொண்ட நீர்முள்ளி ஆகிய நம் செடிகள் நிற்கும்.

ஒரு செடி இச்சூழலோடு எவ்வளவு பின்னிப்பிணைந்திருக்கிறது என்பதை அறியப் பட்டாம்பூச்சிகள் உதவும். ஆனால் பூவில் அமரும் பட்டாம்பூச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேன் குடிக்க உண்ணிச்செடிக்கும் அவை வரும். இலையைத் திருப்பிப் புழுவைத் தேடுங்கள். எருக்கின் இலையில் வெந்தய வரியன் வகைப் பட்டாம்பூச்சியின் வரிகள் கொண்ட புழுவைக் காணலாம். புழு கண்ட இலையையெல்லாம் தின்னாது. நெடுங்காலம் கூடி வாழ்ந்து பழகிய தாவரத்தையும் அதன் நெருங்கிய உறவையுமே தின்னும். விதிவிலக்குகள் இருக்கின்றன என்றாலும், புழுவே படாத பச்சைப்பரப்பு உங்கள் ஐயத்தைத் தூண்ட வேண்டும்.

நடைக்குச் செல்லும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும், அளவுகோல் ஒன்றும், குறிப்பேடும் போதும். ஒரு செடியைப் படமெடுக்கும்போது நிற்கும் தோற்றம் முழுவதும், இலையின் மேல்புறம், கீழ்ப்புறம், இலை தண்டோடு சேரும் கணு, பூவின் முன்னும் பக்கமும், காய், மரமானால் பட்டை என்று தனித்தனியே எடுங்கள். ஏரியின் எந்தப் பகுதியில், நீரிலா சேற்றிலா கரையிலா என்பதையும், தானாக முளைத்ததா வரிசையாக நடப்பட்டதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்பின்னாக நீர் நிறைந்திருக்கும்போது ஒருமுறையும், கோடையில் உள்வாய் காய்ந்து கிடக்கும்போது ஒருமுறையும் அதே வழியில் நடந்தால், முதல் நடையில் பூவின்றி நின்ற செடிகள் பலவற்றின் பெயர் இரண்டாம் நடையில் உறுதியாகும். கைப்பேசிச் செயலிகள் சொல்லும் பெயரைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன இணைகளில் அவையும் அடிக்கடி இடறுகின்றன. ஐயம் தீராத செடி என்றால், பூவோடு ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளின் நடுவே வைத்து அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலும், கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்திலும் பல தலைமுறைகளாகச் சேர்த்த மாதிரிகள் இருக்கின்றன. சரணாலய எல்லைக்குள் மட்டும் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. அங்கே படங்களோடு நின்றுவிடுங்கள்.